செவிமெழுகுதிரியும் ஹோப்பி மக்களும்

வைத்திய முறையொன்றைப் போற்றுவோர் அதன் பயனைக் காட்டுமுன் அதன் தொன்மையைக் காட்ட முற்படுவது வழக்கம். தொன்மை பயனுக்குச் சான்றாகுமா என்பது ஒரு வினா. கூறப்படும் தொன்மைதானும் மெய்யானதா என்பது மற்றொரு வினா. இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்புவது, மேனாடுகளில் மாற்று மருத்துவமாகப் பரவிய செவிமெழுகுதிரி முறையாகும்.

துணியைத் தேன்மெழுகிலோ பரபின் மெழுகிலோ தோய்த்து, உள்ளே துளை இருக்குமாறு சுருட்டி இத்திரியைச் செய்வர். ஒருக்களித்துப் படுத்திருப்பவரின் செவித்துளையில் ஒரு முனையைப் பொருத்தி மறுமுனையில் தீ மூட்டுவர். சுவாலையால் மேலெழும் காற்று குறும்பியை உறிஞ்சி வெளியே இழுக்கும் என்பது அவர் கூற்று. எரிந்து எஞ்சிய அடிக்கட்டையைப் பிரித்து, அதனுட் படிந்த பழுப்புநிறப் பொருளையே குறும்பியெனக் காட்டுவர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்திரிகள் ஹோப்பி மக்களின் பண்டைய மருத்துவம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. ஹோப்பியர் ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வடகிழக்கு மேட்டுநிலங்களிற் சோளம் பயிரிட்டு வாழும் பழங்குடியினர். 1540ஆம் ஆண்டில் ஸ்பானியரை முதன்முதற் கண்டவர். 1680ஆம் ஆண்டில் அவ்வாட்சிக்கு எதிராக எழுந்த பெருங்கிளர்ச்சியிற் பங்குகொண்டவர். இத்துணை நீண்ட வரலாறுடைய ஓர் இனத்தின் பெயர் வணிகப் பண்டமொன்றுக்கு எளிதில் மதிப்பை ஈட்டித் தரவல்லது. ஆயின், இவ்வழக்கம் தம்மிடையே இன்றும் இல்லை, என்றும் இருந்ததில்லை என ஹோப்பியரின் ஆட்சிமன்றம் அறிவித்தது. தம் பெயரை வழங்குவதை நிறுத்துமாறும் அது விற்பனையாளரைக் கேட்டுக்கொண்டது.

இம்மறுப்புக்கு அரண்செய்யும் வரலாற்றுச் செய்தியொன்றும் உண்டு. மெழுகுக்காக இன்று பெரிதும் வளர்க்கப்படும் தேனீ வட அமெரிக்காவுக்கு உரியதன்று. ஐரோப்பியக் குடியேறிகளே 1622ஆம் ஆண்டில் அதனை வர்ஜீனியாவுக்குக் கொண்டுவந்தனர். அக்கண்டத்தின் மேற்குப் பகுதியை அது அடைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாகும். இது ஒன்றே முடிந்த முடிபாகாது. எனினும், பண்டைய ஹோப்பியர் தேன்மெழுகுத் திரி செய்தனர் என்போர் இதற்கு விடை கூறல் வேண்டும்.

இனிப் பயனை நோக்குவோம். செவித்துளையின் உள்முனையைச் செவிப்பறை அடைத்துநிற்கின்றது; எனவே காற்று அதனூடே ஓடுதற்கு வழியில்லை. சீலி, குயிக்லி, லாங்மன் என்போர் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், திரி எரியும்போது உறிஞ்சும் அமுக்கம் எதுவும் தோன்றவில்லை. அவர்கள் சோதித்த 8 செவிகளில் எதிலிருந்தும் குறும்பி அகலவில்லை. மாறாக, சிலவற்றில் திரியின் மெழுகே படிந்தது. காது வைத்தியர் 122 பேரை வினவியபோது 21 ஊறுகள் தெரியவந்தன. அவற்றுட் பல தீக்காயங்கள். 2010ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகமும் இத்திரிகளுக்கு எதிராக மக்களை எச்சரித்தது.

செவிக்கு எண்ணெய் இடும் வழக்கத்தை இதனுடன் ஒப்பிடுதல் தகும். சரக சங்கிதை அதனைக் கூறுகின்றது. செவிப்புண்ணிற் படியும் பொருக்குக்குச் சூடான எண்ணெயை உரோமானியரான செல்சசும் எழுதினார். உண்மையான பழவழக்கம் ஏட்டிலோ வாழ்விலோ தன் தடத்தைப் பதித்திருக்கும். எனினும் எண்ணெய் குறும்பியை இளக்கும் என இன்று ஏற்பது, ஏடு பழையது என்பதாலன்று. சோதனையில் அது புலப்படுவதாலேயே.

ஹோப்பியர் இழந்தது பொருளன்று. தம்மைப் பற்றித் தாமே கூறும் உரிமையை இழந்தனர். தமக்கென நாட்டு வைத்திய மரபுடைய நாம் இதனை எளிதில் உணரலாம். ஒரு மரபைப் போற்றுவோர் முதலில் அதற்குரிய மக்களை வினவுதல் வேண்டும்; பின்னர் அதன் பயனைச் சோதித்தல் வேண்டும். இவ்விரண்டையும் செய்யாது கூறும் புகழ்ச்சி, அம்மரபுக்கும் தீங்கு, நோயாளருக்கும் தீங்கு.