தலைக்கு எத்தனை கினி?

லண்டன், 1750. செயின்ட் ஜேம்ஸ் தெருவிலிருக்கும் ஒயிட்ஸ் கிளப்பின் வாசலில் ஒரு ஆசாமி தடாலென்று விழுந்தான்.

உள்ளேயிருந்து ஓடி வந்தார்கள். தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். ஆட்டமில்லை, அசைவில்லை. நீங்களும் நானுமாக இருந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்திருப்போம். ஒயிட்ஸ் கிளப் கனவான்கள் பந்தயம் கட்டினார்கள். செத்துவிட்டான் என்று சிலர், உயிர் இருக்கிறது என்று சிலர். அந்தக் காலத்து வைத்தியத்தில் முதல் வேலை, நரம்பைக் கீறிக் கொஞ்சம் ரத்தத்தை வெளியேற்றுவது. கத்தியை எடுத்ததும் ஒரு கோஷ்டி குறுக்கே பாய்ந்தது. செத்துவிட்டான் என்று பணம் கட்டியவர்கள். வைத்தியமெல்லாம் கூடாது. செய்தால் பந்தயம் நியாயமாக இருக்காது!

ஹொரேஸ் வால்போல் என்கிற எழுத்தாளர், பத்திரிகையில் வந்த கதை என்று சொல்லி இதைத் தன் நண்பருக்குக் கடிதத்தில் எழுதினார். நிஜமா, கிளப்பைக் கிண்டலடிக்க எவனாவது கட்டிவிட்டதா? கட்டிவிட்டதாகத்தான் இருக்கும். வால்போலே அந்த தொனியில்தான் எழுதுகிறார். ஆனால் ஊர் சிரித்தது என்றால் அதற்குக் காரணம் இருந்தது. ஒயிட்ஸ் கிளப்பில் பந்தயங்களை எழுதி வைக்கத் தனியாக ஒரு நோட்டு உண்டு. யாருக்கு முன்னால் யார் போவார் என்கிற பந்தயங்கள் அதில் ஏராளம். எழுதியவர்கள் பிரபுக்கள். எழுதப்பட்டவர்களும் பெரும்பாலும் பிரபுக்கள்தான்.

அந்த நோட்டு இப்போது இன்டர்நெட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'டெட் பூல்' என்பார்கள். வருஷம் பிறக்கும்போது ஒரு லிஸ்ட் கொடுக்கவேண்டும். பத்து பேர், சில இடங்களில் இருபது. எல்லாரும் பிரபலங்களாக இருக்கவேண்டும். அந்த வருஷத்துக்குள் இவர்களில் யார் யார் காலமாகிறார்களோ, அதற்குத் தகுந்தாற்போல் பாயிண்ட். பல ஆட்டங்களில் கணக்கு சுலபம். நூறிலிருந்து இறந்தவரின் வயதைக் கழித்தால் வருவது உங்கள் பாயிண்ட். தொண்ணூறு வயதுக்காரர் என்றால் பத்துதான். நாற்பது வயதுக்காரர் என்றால் அறுபது. ஆகவே சூரர்கள் கிழவர்களை விட்டுவிட்டு, எந்த நடிகர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார், எந்தப் பாடகருக்குப் போதைப் பழக்கம் என்று துப்பறிந்துகொண்டிருப்பார்கள். தூக்குத் தண்டனைக்காகக் காத்திருப்பவர்களைப் போடக்கூடாது என்று சில இடங்களில் விதி உண்டு. லிஸ்டில் இருப்பவரை நீங்களே தீர்த்துக்கட்டக் கூடாது என்றும் ஒரு விதி போட்டிருப்பார்கள். சிரிப்பதற்காகத்தான்.

ஆனால் அந்தக் கடைசி விதி இருக்கிறதே, அது ஒருகாலத்தில் கோர்ட்டே உட்கார்ந்து யோசித்த விஷயம். அதற்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

ரோமில் பதினாறாம் நூற்றாண்டிலேயே போப்பாண்டவர் எத்தனை நாள் இருப்பார், அடுத்து யார் வருவார் என்றெல்லாம் பந்தயம் நடந்தது. 1591-ல் பதினான்காம் கிரிகோரி போப்பாக இருந்தபோது, இனி எவனாவது இந்தப் பந்தயம் கட்டினால் சபையிலிருந்தே விலக்கிவைப்பேன் என்று ஆணை போட்டார். அவர் நிலைமையில் யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

லண்டனில் விஷயம் வேறு ரூபத்தில் வளர்ந்தது. இன்ஷூரன்ஸ்.

எட்வர்ட் லாய்ட் என்பவர் தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில் காபிக்கடை வைத்திருந்தார். கப்பல் கேப்டன்களும் வியாபாரிகளும் வந்து உட்காரும் இடம். கப்பல் மூழ்கினால் நஷ்டத்தைத் தருகிறேன், அதற்கு முன்பணமாக இவ்வளவு கொடு என்று பேரம் பேசுபவர்களும் வந்தார்கள். லாய்ட் போனபிறகும் கடை அவர் பெயரிலேயே ஓடியது. கப்பலுக்கு பாலிசி எழுதுகிறவன் மனுஷனுக்கு எழுதமாட்டானா? எழுதினான். சிக்கல் என்னவென்றால், அந்த மனுஷன் உங்களுக்கு என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. பிரதம மந்திரி ராபர்ட் வால்போல் பெயரில் பாலிசி எடுக்கலாம். விசாரணையில் இருக்கும் ராஜத்துரோகி பெயரில் எடுக்கலாம். 1743-ல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் ஜெர்மனியில் டெட்டிங்கன் போர்க்களத்துக்குப் போனார். படையை நேரில் நடத்திய கடைசி பிரிட்டிஷ் மன்னர் அவர்தான். ராஜா அங்கே குண்டுகளுக்கு நடுவில் நிற்க, இங்கே அவர் திரும்பி வரமாட்டார் என்பதற்கு 25 சதவிகிதம் ரேட் போனது. அதாவது 25 கினி கட்டினால், ராஜா போய்ச் சேர்ந்தவுடன் 100 கினி. (கினி என்பது அன்றைய தங்கக் காசு. ஒரு பவுண்டு, ஒரு ஷில்லிங்.) ராஜா வென்றார், முழுசாகத் திரும்பியும் வந்தார். கட்டியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 'கடவுளே, மன்னரைக் காப்பாற்று' என்று எந்த வாயால் பாடியிருப்பார்கள்?

பெரிய மனிதர் யாராவது படுத்த படுக்கையானால் அவர் உயிருக்கு என்ன ரேட் என்பது பத்திரிகையில் வரும். தன் பெயருக்கு 90 சதவிகிதம் போவதைப் படித்துவிட்டு, இனி தேறமாட்டோம் என்று மனம் விட்டுச் செத்தவர்களும் உண்டு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இன்ஷூரன்ஸ் வரலாற்று நூல் ஒன்று சொல்கிறது.

பிரபலங்களாவது பரவாயில்லை, வசதியாகப் படுத்துக்கொண்டு செத்தார்கள். 1764-ல் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்கக் கண்டத்தில் குடியேற நிலம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, ஒரு ஏஜெண்ட் ஜெர்மனியிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை லண்டன்வரை கூட்டி வந்தான். வந்தவன் கம்பி நீட்டிவிட்டான். கையில் காசில்லை, பாஷை தெரியாது, சோறில்லை. குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் என்கிற இடத்தில் வெட்டவெளியில் கிடந்தார்கள். ஒரு வாரத்துக்குள் இவர்களில் எத்தனை பேர் சாவார்கள்? அதன்மேலும் பந்தயம் ஓடியதாகப் பதிவு இருக்கிறது. அதே லண்டன்தான் கூடாரமும் கொடுத்தது, நிதியும் திரட்டியது, கடைசியில் அவர்களைக் கப்பலேற்றி தென் கரோலினாவுக்கு அனுப்பியும் வைத்தது. ஒவ்வொரு ரொட்டித் துண்டும் யாரோ ஒருவனுடைய பந்தயத்தைக் கெடுத்திருக்கும்.

லாய்ட்ஸ் காபிக்கடையில் ஒழுங்காகக் கப்பல் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்களுக்கே இது சகிக்கவில்லை. 1769-ல் ஒரு கூட்டம் வெளியேறி 'நியூ லாய்ட்ஸ்' என்று தனிக்கடை போட்டது. இன்றைக்கும் உலகப் புகழோடு இருக்கும் லாய்ட்ஸ் அதன் வாரிசு.

அடுத்த வருஷமே இன்னொரு கூத்து. ஊர் நியூமார்க்கெட். குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன இடம். இரண்டு இளவட்டங்கள், பிகோட், காட்ரிங்டன். இருவருமே பெரிய சொத்துக்கு வாரிசுகள். சாப்பாடு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, குதிரையை ஓடவிடுகிற மாதிரி நம் அப்பாக்களை ஓடவிட்டால் என்ன என்று ஆரம்பித்தார்கள். எந்த அப்பா முதலில் போகிறாரோ, அவருடைய பிள்ளை மற்றவருக்குப் பணம் தரவேண்டும். சொத்து வந்துவிடுமே, தருவதில் என்ன கஷ்டம்?

காட்ரிங்டனின் அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயசு. பிகோட்டின் அப்பாவுக்கு எழுபதுக்கு மேல். இது சமமான ஆட்டமில்லையே! உடனிருந்த பிரபு ஒருவர் வயசுக்கேற்றபடி கணக்குப் போட்டுக் கொடுத்தார். பிகோட்டின் அப்பா முந்தினால் பிகோட் 500 கினி தரவேண்டும். காட்ரிங்டனின் அப்பா முந்தினால் 1,600 கினி. காட்ரிங்டனுக்குக் கொஞ்சம் உதறல். சரி, அவன் இடத்தில் நான் வருகிறேன் என்று மார்ச் பிரபு அந்தப் பந்தயத்தை வாங்கிக்கொண்டார். அவர் அந்தக் காலத்து மகா சூதாடி.

இவர்கள் பேசிக்கொண்டிருந்த அதே நாளில், விடிவதற்கு முன்பே, பிகோட்டின் அப்பா வெகு தொலைவிலிருந்த தன் ஊரில் இறந்துபோயிருந்தார். தந்தி, டெலிபோன் எதுவுமில்லாத காலம். பிள்ளைக்குத் தெரியாது. அங்கே அப்பா பிணமாகக் கிடக்க, இங்கே மகன் அவர் எப்போது சாவார் என்று பந்தயம் கட்டியிருக்கிறான்.

விஷயம் தெரிந்ததும் பிகோட் பணம் தர மறுத்தார். ஓட்டம் ஆரம்பிக்கும் முன்பே குதிரை செத்துவிட்டதே, பந்தயம் எப்படிச் செல்லும்? மார்ச் பிரபு கோர்ட்டுக்குப் போனார். தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட். அசகாய மூளை. 1771-ல் தீர்ப்பு மார்ச் பிரபுவுக்கே சாதகம். கப்பல் ஏற்கெனவே கடலில் மூழ்கியிருந்தாலும், இரண்டு தரப்புக்கும் அது தெரியாதவரை பாலிசி செல்லும் என்பது லாய்ட்ஸ் வழக்கம். அதே நியாயம்தான் அப்பாவுக்கும். எடு 500 கினி!

சட்டப்படி அது சரியான தீர்ப்பு. அதுதான் கலவரப்படுத்துகிறது. பெற்ற அப்பனின் சாவு மேல் கட்டிய பந்தயத்தில் கோர்ட்டுக்குத் தவறாக எதுவும் படவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1774-ல் பார்லிமெண்ட் சட்டம் கொண்டுவந்தது. ஒரு உயிர் மேல் பாலிசி எடுக்கவேண்டுமென்றால், அந்த உயிர் போனால் உங்களுக்கு நஷ்டம் இருக்கவேண்டும். அந்த நஷ்டத்துக்கு மேல் ஒரு பைசா பெயராது. சம்பந்தமில்லாதவன் எடுத்தால் பாலிசியே செல்லாது. இன்றைக்கு நம்மூர் எல்.ஐ.சி. ஏஜெண்டிடம் போய், எதிர்வீட்டுக்காரர் மேல் ஒரு பாலிசி போடுங்கள், பிரீமியம் நான் கட்டுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு வேர் 1774-ல் இருக்கிறது.

சட்டம் பாலிசியை நிறுத்தியது. சாப்பாட்டு மேஜைப் பேச்சை நிறுத்த முடியுமா?

1802, மே மாதம். யார்க்‌ஷயர் சீமான் மார்க் சைக்ஸ் வீட்டில் விருந்து. அரிய புத்தகங்களாக வாங்கிக் குவித்த ஆள், சாதுதான். பேச்சு நெப்போலியன் பக்கம் திரும்பியது. பிரான்ஸுடன் சமாதானம் கையெழுத்தாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எத்தனை பேர் அவரைக் கொல்லப் பார்க்கிறார்கள், இன்னும் எத்தனை நாள் தாங்குவார் என்று அலசினார்கள். சைக்ஸ் உற்சாகத்தில் ஒரு வார்த்தை விட்டார். இப்போது யாராவது எனக்கு 100 கினி கொடுங்கள், நெப்போலியன் உயிரோடு இருக்கும்வரை தினம் ஒரு கினி தருகிறேன்.

கில்பர்ட் என்று ஒரு பாதிரியார் அங்கே இருந்தார். சரி என்றுவிட்டார்.

நூறு நாள் ஆயிற்று. பாதிரியாருக்குப் போட்ட காசு திரும்பிவிட்டது. இருநூறு, முந்நூறு. நெப்போலியன் குத்துக்கல் மாதிரி இருந்தார். 1803-ல் மறுபடி போர் மூண்டது. பிரிட்டன் மேல் படையெடுக்க அவர் கரையில் படகுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். சைக்ஸ் எதிரியின் ஆயுசுக்குத் தினம் ஒரு கினி கட்டிக்கொண்டிருந்தார். 1804 டிசம்பரில் நெப்போலியன் சக்கரவர்த்தியாக முடிசூட்டிக்கொண்டார். அந்த மாசக் கடைசியில் சைக்ஸ் பணத்தை நிறுத்திவிட்டார். அதற்குள் 900 கினிக்கு மேல் போயிருந்தது.

பாதிரியார் விடவில்லை, வழக்குப் போட்டார். 1812-ல் எலன்பரோ என்கிற தலைமை நீதிபதி முன் அது வந்தது. இந்தத் தடவை கோர்ட் கணக்கைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தது. நெப்போலியன் நாளைக்கு இங்கிலாந்துக் கரையில் இறங்கினால், தினம் ஒரு கினி வாங்குகிற பிரஜை என்ன செய்வான்? அவரை எதிர்த்துச் சுடுவானா, அவர் உயிரோடு இருக்கவேண்டுமென்று நினைப்பானா? சரி, இந்தப் பக்கம் சைக்ஸ். நெப்போலியன் எங்கேயாவது கத்திக்குத்துப்பட்டுச் செத்தால் அவருக்கு லாபம். ஆள் வைத்துக் கொல்லும் ஆசையை இப்படியொரு பந்தயம் தூண்டாதா? இரண்டு பேரிடமும் இல்லாத ஒரு ஆசையை இந்தப் பந்தயம் உண்டாக்குகிறது. செல்லாது!

சைக்ஸ் தப்பித்தார். நெப்போலியன் 1821 வரை இருந்தார். அதுவரை கொடுத்திருந்தால் கிட்டத்தட்ட 7,000 கினி. சைக்ஸின் புத்தகங்கள் ஏலத்துக்கு வந்திருக்கும்.

'லிஸ்டில் இருப்பவரை நீங்களே தீர்த்துக்கட்டக் கூடாது' என்கிற விதிக்கு இப்போது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை, இல்லையா? கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்து 1988-ல் வந்த 'தி டெட் பூல்' படமே இந்த ஒற்றை வரிக் கதைதான். ஒரு விளையாட்டு லிஸ்ட். அதில் இருப்பவர்கள் வரிசையாகச் சாகிறார்கள்.

சினிமாவோடு நிற்கவில்லை. ஜிம் பெல் என்கிற அமெரிக்க எஞ்சினியர் 1990களின் நடுவில் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் எந்தத் தேதியில் சாவார் என்று இன்டர்நெட்டில் பெயர் தெரியாமல் பந்தயம் கட்டலாம். சரியாகச் சொன்னவருக்கு மொத்தப் பணமும். தேதியை அவ்வளவு சரியாக யாரால் சொல்லமுடியும்? கொல்லப்போகிறவனால். ஊருக்குப் பிடிக்காத அதிகாரியை ஊரே சேர்ந்து காசு போட்டுக் காலி செய்யலாம் என்பதுதான் அவர் யோசனை. அதை அவர் ஒரு தீர்வாகச் சொன்னார். எலன்பரோ ஆபத்து என்று நினைத்தது, இவருக்கு வசதியாகத் தெரிந்தது.

அமெரிக்க ராணுவத் தலைமையகமே 2003-ல் ஒரு பந்தய மார்க்கெட் தொடங்கப் பார்த்தது. மத்தியக் கிழக்கில் அடுத்து என்ன நடக்கும் என்று மக்களைக் காசு கட்டவைத்து உளவறியும் திட்டம். அதன் இணையதளத்தில் மாதிரிக்குப் போட்டிருந்தவற்றில் ஒன்று யாசர் அராஃபத் கொல்லப்படுவாரா என்பது. ஜூலையில் இரண்டு செனட்டர்கள் அதை வெளியே கொண்டுவந்தார்கள். மறுநாளே திட்டத்துக்கு மூடுவிழா. படுகொலை, பயங்கரவாதம் மேல் நடக்கும் வர்த்தகத்தைத் தடை செய்யும் அதிகாரத்தை 2010-ல் சட்டமாகவே எழுதிவைத்தார்கள்.

ஆனால் தடை செய்ய ஒரு ஆபீஸ் வேண்டுமே, ஒரு முதலாளி வேண்டுமே? 2018 ஜூலையில் 'ஆகர்' என்று ஒரு சந்தை வந்தது. கிரிப்டோ பணத்தில் நடப்பது. யார் வேண்டுமானாலும் எதன்மேலும் பந்தயம் தொடங்கலாம். உருவாக்கியவர்களே நினைத்தாலும் நிறுத்தமுடியாது என்றார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, லிஸ்ட் வந்துவிட்டது. அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப், கோடீஸ்வரர் வாரன் பஃபெட், நடிகை பெட்டி வைட். கட்டப்பட்ட பணம் சொற்பம்தான். எலன்பரோவின் கேள்விக்குத் தொகை முக்கியமில்லை. 1764-ன் ஜெர்மானியர்களுக்குத் தெரியாத மாதிரியே, பெட்டி வைட்டுக்கும் எதிர்ப்பக்கம் காசு கட்டியிருப்பவர் யார் என்று தெரிய வழியில்லை.

பாட்டிக்கு அப்போது 96 வயது. பாயிண்ட் ஆட்டக்காரர்கள் வருஷா வருஷம் அவர் பெயரை எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர் பாட்டுக்கு இருந்தார். நூறாவது பிறந்தநாளுக்குப் பதினேழு நாள் இருக்கும்போது, 2021 டிசம்பர் 31 அன்று காலமானார். லிஸ்டில் அவரைப் போட்டிருந்தவர்களுக்கு, நூறிலிருந்து வயதைக் கழித்து, ஒரே ஒரு பாயிண்ட்.