புவெர்த்தோ வயார்த்தா: குடியிருப்புப் பகுதிகளும் வீட்டுத் தேர்வும்

புவெர்த்தோ வயார்த்தா, மெக்சிகோவின் பசிபிக் கரையில் ஹலிஸ்கோ மாநிலத்தைச் சேர்ந்த கடற்கரை நகரம். பாந்தேராஸ் விரிகுடாவின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது. 2020 கணக்கெடுப்பின்படி இதன் நகராட்சி எல்லைக்குள் 2,91,839 பேர் வாழ்ந்தனர். சுற்றுலாவே முதன்மைத் தொழில். அமெரிக்கா, கனடா நாடுகளிலிருந்து ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருவோரும், மாநிலத் தலைநகர் குவாதலஹாராவிலிருந்து இடம்பெயர்வோரும், ஓட்டல் வேலையும் கட்டட வேலையும் தேடி மெக்சிகோவின் பல பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்களும் இங்கே வீடு தேடுகின்றனர். கடல் எவ்வளவு பக்கம் என்பதே பலருக்கு முதல் கேள்வியாக இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் அன்றாட வாழ்க்கையைத் தீர்மானிப்பதில் கடலின் தூரத்தைவிட, வீடு நிற்கும் தரையின் மேடுபள்ளத்துக்கும் மழைநீர் ஓடும் வழிக்கும் பங்கு அதிகம்.

நிலமும் வளர்ச்சியும்

நகரின் தெற்குப் பாதியில் மலைச்சரிவு ஏறக்குறைய நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. வடக்குப் பாதி, பித்தியால், அமேக்கா ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து நிரப்பிய சமவெளி. இரண்டுக்கும் நடுவே, குவாலே ஆறு கடலில் கலக்கும் இடத்தில்தான் ஊர் தொடங்கியது. மலையிலிருந்த வெள்ளிச் சுரங்கங்களுக்கு உப்பு கொண்டுவந்து விற்ற குவாதலூப்பே சான்செஸ் என்பவர் 1851இல் குடும்பத்தோடு இங்கே தங்கியதிலிருந்து ஊரின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். அப்போது இதன் பெயர் லாஸ் பேன்யாஸ். 1918இல் தனி நகராட்சியானபோது, சட்ட வல்லுநரும் ஹலிஸ்கோவின் முன்னாள் ஆளுநருமான இக்னாசியோ லூயிஸ் வயார்த்தாவின் பெயரைப் பெற்றது.

1963இல் இயக்குநர் ஜான் ஹஸ்டன் ‘தி நைட் ஆஃப் தி இகுவானா’ படத்தைத் தெற்கே உள்ள மிஸ்மலோயாவில் படமாக்கினார். நாயகன் ரிச்சர்ட் பர்ட்டனோடு எலிசபெத் டெய்லரும் வந்து தங்க, பத்திரிகையாளர்கள் திரண்டனர். அதுவரை வெளியுலகம் அதிகம் அறியாத ஊர் உலகச் செய்தியானது. வடக்குச் சமவெளியின் கரையோரம் ஓட்டல்களும், உள்ளே குடியிருப்புகளும் எழுந்தது அதற்குப் பின்வந்த பத்தாண்டுகளில். பழைய ஊர் மேட்டிலும் ஆற்றங்கரையிலும், புதிய ஊர் சமதரையிலும் அமைந்த கதை இதுதான்.

தெற்கு: ஆற்றங்கரையும் மலைச்சரிவும்

குவாலே ஆற்றுக்குத் தெற்கே உள்ள எமிலியானோ சப்பாத்தா பகுதியைச் சுற்றுலாத் துறையினர் சோனா ரொமாந்திகா என்கின்றனர். லோஸ் முவெர்த்தோஸ் கடற்கரை, ஒலாஸ் ஆல்த்தாஸ் தெரு, பசிலியோ பதியோ தெருவின் உணவகங்கள் எல்லாம் இங்கேதான். கார் இல்லாமல் வாழ விரும்புவோருக்கு இதைவிட வசதியான இடம் நகரில் இல்லை. சந்தை, மருந்துக்கடை, கடற்கரை, பேருந்து என அனைத்தும் நடைதூரத்தில் இருக்கும். மெக்சிகோவில் ஓரினச் சேர்க்கையாளர்கள் ஒளிவுமறைவின்றி வாழும் பகுதிகளில் இது முன்னணியில் இருக்கிறது. அவர்கள் நடத்தும் விடுதிகளும் கடைகளும் இப்பகுதியின் முகத்தையே மாற்றியிருக்கின்றன. இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை இரைச்சல்தான். நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான சுற்றுலாப் பருவத்தில் மதுக்கூடங்களின் இசை நள்ளிரவு தாண்டியும் ஓயாது. ஒரே தெருவில் நான்கு கட்டடங்கள் தள்ளிப் போனால் நிலைமை மாறிவிடும் என்பதால், பகலில் ஒருமுறை பார்த்து ஒப்பந்தம் போடுவது கூடாது. வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அதே வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

இதன் முதுகில் ஏறும் சரிவுகள் ஆல்த்தா விஸ்தாவும் அமாப்பாஸும். சாளரத்தைத் திறந்தால் விரிகுடா முழுதும் தெரியும், காற்று உண்டு, கீழே இருப்பதைவிடப் புழுக்கம் குறைவு. ஆனால் பல வீடுகளுக்குத் தெருவிலிருந்து நூறு படிகள் ஏறித்தான் போக வேண்டும். இருபது லிட்டர் குடிநீர்க் குடுவை, சமையல் எரிவாயு உருளை, மளிகை, நோயாளி என எல்லாம் அந்தப் படிகளில்தான் ஏறி இறங்க வேண்டும். கூழாங்கல் பதித்த தெருக்கள் மழையில் வழுக்கும். அறுபது வயதில் இந்தக் காட்சிக்கு மயங்கி வாங்குவோர், எழுபத்தைந்து வயதில் அந்தப் படிகளை எப்படி ஏறுவோம் என்பதையும் சேர்த்து நினைப்பது நல்லது.

இன்னும் தெற்கே, கடலோரப் பாறைகளின் மேல், கோஞ்சாஸ் சீனாஸ். நகரின் விலை மிகுந்த மாளிகைகள் இங்கே. அமைதி உண்டு, கடைகள் அரிது. நகரோடு இதை இணைப்பது 200ஆம் எண் நெடுஞ்சாலை ஒன்றே. பலத்த மழையில் மலைச்சரிவு மண் சாலையில் விழுந்தால் மாற்று வழி கிடையாது.

ஆற்றுக்கு வடக்கே உள்ள பழைய மையத்தில், குவாதலூப்பே அன்னை ஆலயமும் மலெக்கோன் எனும் கடலோர நடைபாதையும் உள்ளன. ஆலயக் கோபுரத்தின் மகுடம் 1995 அக்டோபர் நிலநடுக்கத்தில் விழுந்து, பிறகு புதிய மகுடம் வைக்கப்பட்டது. மையத்தை அடுத்து வடக்கே இருப்பது சிங்கோ தெ திசியெம்ப்ரே. தலைமுறைகளாக வாழும் உள்ளூர்க் குடும்பங்களும் புதிதாக வந்தவர்களும் ஒரே தெருவில் கலந்து வாழ்வது இப்பகுதியின் சிறப்பு. சோள ரொட்டி சுடும் கடை, தையற்காரர், காய்கறிக்காரர் எல்லாரும் கூப்பிடு தூரத்தில். பழைய வயார்த்தாவின் வாழ்க்கையை இங்கே இன்னும் உயிரோடு காணலாம் என்று நம்பிக்கையோடு சொல்லலாம். ஆனால் கட்டட நிறுவனங்கள் இங்கேயும் மாடிகளை அடுக்கத் தொடங்கிவிட்டன.

வடக்கு: சமவெளி

கரையோர ஓட்டல் வரிசைக்கு உட்புறம் இருப்பவை வெர்சாயெஸ், ஃபுளுவியால் வயார்த்தா. வெர்சாயெஸ் நடுத்தர மெக்சிகோ குடும்பங்களின் பகுதியாக இருந்து, அண்மை ஆண்டுகளில் உணவகங்களால் பெயர் பெற்றது. ஃபுளுவியால் திட்டமிட்டு அமைக்கப்பட்டது: அகன்ற தெரு, நடைபாதை, பேரங்காடிகள். இரண்டிலும் தரை சமம். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ தள்ளிக்கொண்டு போகக்கூடிய இடங்கள் இந்த ஊரில் குறைவு என்பதால் இது சிறிய விஷயமன்று. கடற்காற்றை ஓட்டல் கட்டடங்கள் மறைப்பதால் கோடையில் வெப்பம் தேங்கும்.

மரீனா வயார்த்தா 1980களின் பிற்பகுதியில் உருவான படகுத்துறைக் குடியிருப்பு. விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் விமான ஒலி கேட்கும். இதன் அருகே நகரின் நடுவில் எஞ்சியிருக்கும் எல் சலாதோ கழிமுகச் சதுப்பு நிலக்காடு இருக்கிறது. 2000இல் மாநில அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. அங்குள்ள முதலைகள் படகுத்துறைக் கால்வாய்களிலும் தலைகாட்டுவது உண்டு. எச்சரிக்கைப் பலகைகளை அலட்சியம் செய்யக் கூடாது.

கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எல் பித்தியால் முன்பு தனி ஊர். சொந்தச் சதுக்கமும் தேவாலயமும் உடையது. ஓட்டல்களில் படுக்கை விரிப்பவர்கள், சமையற்காரர்கள், வண்டி ஓட்டுநர்கள் இங்கும் இன்னும் உள்ளே இருக்கும் லாஸ் ஹுந்தாஸ், இஸ்தாப்பா ஆகிய இடங்களிலும் வாழ்கின்றனர். குவாதலஹாரா பல்கலைக்கழகத்தின் கடலோர வளாகம் இஸ்தாப்பாவில் உள்ளது. ஸ்பானிய மொழி பேசுவோருக்குப் பித்தியால் மிகப் பொருத்தமான பகுதி. கடற்கரைப் பகுதிகளைவிட வாடகை குறைவு, நெருக்கமான அண்டைவீட்டுப் பழக்கமும் கிடைக்கும்.

அமேக்கா ஆற்றைத் தாண்டினால் நயாரித் மாநிலம். முன்பு நுவேவோ வயார்த்தா எனப்பட்டு இப்போது நுவேவோ நயாரித் எனப்படும் திட்டக் குடியிருப்பும், புசெரியாஸ் போன்ற கடற்கரை ஊர்களும் அங்குள்ள பாஹியா தெ பாந்தேராஸ் நகராட்சியில் அடங்கும். 2010 வரை ஆற்றின் இரு கரைகளுக்கும் ஒரு மணி நேர வேறுபாடு இருந்தது. வேலைக்குப் போவோரும் விமானம் பிடிப்போரும் பட்ட தொல்லையால், அந்த ஆண்டில் அந்த நகராட்சி மட்டும் வயார்த்தாவின் நேரத்துக்கு மாறியது. அங்கே மக்கள்தொகை 2010இல் ஏறத்தாழ 1,24,000. 2020இல் ஏறத்தாழ 1,88,000. இந்த வளர்ச்சியில், வயார்த்தாவில் வாடகை கொடுக்க இயலாத உழைப்பாளிக் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் காலையும் மாலையும் நெரிசலான நெடுஞ்சாலையில் ஆற்றைக் கடக்கின்றனர். கடற்கரைப் பகுதியில் ஒரு வீடு நாள்வாடகை விடுதியாக மாறும்போதெல்லாம் இந்தப் பயணம் இன்னொரு குடும்பத்துக்கும் நீள்கிறது. ஆண்டு முழுதும் வாழ வருவோர் அக்கம்பக்கத்தின் வழக்கமான ஆண்டு வாடகையைத் தெரிந்துகொண்டு, அந்த அளவில் வீடு எடுப்பதே உள்ளூர் மக்களுக்குச் செய்யக்கூடிய நியாயம்.

மழை, புயல், ஆறு

மழைக்காலம் ஜூன் நடுப்பகுதியில் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கும். மாலையிலும் இரவிலும் இடியோடு கொட்டும். சரிவுத் தெருக்கள் சில நிமிடங்களில் ஓடைகளாகும். ஆண்டின் எட்டு மாதம் வறண்டு கிடக்கும் ஓடைப் பள்ளத்தை ஒட்டிக் கட்டிய வீடு, மார்ச் மாதத்தில் பார்க்க அழகாகவே இருக்கும்.

விரிகுடாவின் வாயிலில் உள்ள மலைகள் புயலைத் தடுத்துவிடும் என்ற நம்பிக்கை ஊரில் பரவலாக உண்டு. அதை முழுதாக நம்புவதற்கில்லை. 2002 அக்டோபரில் கென்னா புயல் வடக்கே சான் பிளாஸ் அருகே கரையேறியபோதும், அது எழுப்பிய அலைகள் மலெக்கோனையும் கரையோர ஓட்டல்களையும் சிதைத்தன. 2021 ஆகஸ்டில் நோரா புயலின் மழையால் குவாலே ஆறு பெருக்கெடுத்து, கரையில் நின்ற கட்டடம் ஒன்றின் ஒரு பகுதியை இடித்துச் சென்றது. 2023 அக்டோபர் 10 அன்று லிதியா புயல் நகருக்குத் தெற்கே நான்காம் வகைச் சூறாவளியாகக் கரையேறியது. கடற்கரையின் முதல் வரிசை, ஆற்றங்கரை, ஓடைப் பள்ளம் என்ற மூன்று இடங்களும் மூன்று விதமான ஆபத்து கொண்டவை. வீட்டுச் சொந்தக்காரரைவிட, பக்கத்துக் கடைக்காரரிடம் “போன மழையில் தண்ணீர் எது வரைக்கும் வந்தது?” என்று கேட்டால் உண்மை தெரியும்.

தண்ணீர், மின்சாரம்

நகரின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளைச் செய்வது சேப்பால் என்ற பொது அமைப்பு. மேட்டுப் பகுதிகளில் நீரழுத்தம் குறைவு. ஆகவே தரைக்கடியில் ஒரு தொட்டி, மோட்டார், மொட்டைமாடியில் தினாக்கோ எனும் தொட்டி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; இல்லாவிட்டால் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க நேரும்.

மின்சாரம் தேசிய நிறுவனத்திடமிருந்து வருகிறது. வீட்டு மின்சாரத்துக்கு அரசு மானியம் உண்டு. கடந்த பன்னிரண்டு மாதங்களின் சராசரிப் பயன்பாடு அந்த வட்டாரத்துக்கு வகுத்த அளவைத் தாண்டினால், மானியம் நீங்கி வீடு அதிகப் பயன்பாட்டுக் கட்டணத்துக்குள் போய்விடும். நகரம் மேற்கு நோக்கியது என்பதால் கடலைப் பார்க்கும் மாடங்களில் பிற்பகல் வெயில் நேராக விழுகிறது. குளிர்சாதனம் ஓயாமல் ஓடும் அத்தகைய வீட்டை எடுக்கும் முன் பழைய மின்கட்டண ரசீதுகளைக் கேட்பது இங்கே வழக்கந்தான். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாடகையும் உரிமையும்

ஆண்டு வாடகை வீடுகள் பெரும்பாலும் பெசோவில் பேசப்படுகின்றன. பருவகால வாடகை பெரும்பாலும் டாலரில், கூடுதலாக இருக்கும். ஆண்டு ஒப்பந்தத்துக்கு முன்பணத்தோடு, அங்கேயே சொந்த வீடுள்ள ஒருவர் பிணையாளராக நிற்க வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்பதுண்டு. பிணையாளர் இல்லாத புதியவர்கள் கூடுதல் முன்பணம் கொடுத்துச் சமாளிக்கின்றனர். நல்ல வீடுகள் இணையத்துக்கு வருமுன் தெருவில் தொங்கும் ‘வாடகைக்கு’ அட்டையிலேயே போய்விடும். நடந்து தேடுவது பயனுள்ளது.

வாங்குவதில் வெளிநாட்டவருக்குத் தனி விதி உண்டு. 1917 அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் நிலத்தை நேரடியாக உடைமை கொள்ளத் தடை விதிக்கிறது. அதற்கு வழியாக, மெக்சிகோ வங்கி ஒன்று சட்ட உரிமையாளராக இருந்து வாங்கியவருக்குப் பயன்படுத்தும், விற்கும், உயில் எழுதும் உரிமைகளைத் தரும் அறக்கட்டளை முறை உள்ளது. 1993ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டுச் சட்டப்படி அதன் காலம் 50 ஆண்டு, புதுப்பிக்கலாம். கடலோரத்தில் 20 மீட்டர் அகலப் பட்டை நாட்டுக்குச் சொந்தம். கடற்கரையை எந்த வீடும் ஓட்டலும் தனதாக்கிக்கொள்ள முடியாது.

மெக்சிகோ புரட்சிக்குப் பின் உழவர் சமூகங்களுக்குப் பொதுவாக வழங்கப்பட்ட எஹீதோ நிலங்கள் நகரின் விளிம்பிலும் நயாரித் பக்கத்திலும் நிறைய உள்ளன. 1992இல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பின், உறுப்பினர் சபையின் ஒப்புதலோடு இவற்றைத் தனியுடைமையாக மாற்றலாம். மாற்றி முடிக்காத நிலத்தை வங்கி அறக்கட்டளைக்குள் கொண்டுவர முடியாது. கையெழுத்திட்ட தாள் ஒன்றை மட்டும் நம்பி வாங்கியவரின் உரிமை நீதிமன்றத்தில் நிற்பது கடினம். விலை அக்கம்பக்கத்தைவிட மிகக் குறைவாகச் சொல்லப்படும் மனையின் பதிவு, தேசிய வேளாண் நிலப் பதிவகத்தில் இருக்கிறதா, பொதுச் சொத்துப் பதிவகத்துக்கு வந்துவிட்டதா என்பதை நோத்தாரியோ எனப்படும் அரசு அங்கீகாரம் பெற்ற சட்ட அலுவலர் வழியாகச் சரிபார்த்த பிறகே முன்பணம் தரவேண்டும்.