ஏழு கன்னியர் மலையும் விமானியின் கையொப்பமும்

கண்டியிலிருந்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகச் செல்லும் பாதை நோர்ட்டன் பிரிட்ஜை நெருங்கும்போது ஏழு சிகரங்கள் வரிசையாக நிற்கும் மலைத்தொடர் ஒன்று தென்படும். சப்த கன்னியர் மலை என்றும் ஏழு கன்னியர் மலை என்றும் அதனைச் சொல்வர். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின்னர், இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த டீ.சி.-8 ரக விமானம் ஒன்று அம்மலையில் மோதிச் சிதறியது. நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனத்திற்குச் சொந்தமான, கருடா நிறுவனத்திற்காகப் பறந்துகொண்டிருந்த விமானம் அது. ஜெத்தா செல்லும் வழியில் எரிபொருள் நிரப்புவதற்காகக் கட்டுநாயக்கவில் இறங்கவிருந்தது. யாத்திரிகர்கள் 182 பேர், பணியாளர்கள் 9 பேர், ஆக 191 பேரில் ஒருவரும் தப்பவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் இன்றுவரை இதுவே மிகப் பெரியது. விமானத்தின் டயர் ஒன்று பின்னர் நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டது.

மோதிய இடத்திலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில் இருந்தது. விமானிகளோ தாங்கள் ஓடுபாதையை அண்மித்துவிட்டதாக எண்ணி இறங்கிக்கொண்டிருந்தனர். விமான நிலையத்தோடு ஒப்பிட்டுத் தம் இடத்தைத் தவறாகக் கணித்ததால் பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கிவிட்டனர் என்பது விசாரணையின் முடிவு. அதற்கு அடுத்ததாக விசாரணையாளர்கள் எழுதிய ஒரு கருத்துத்தான் என் கவனத்தை ஈர்த்தது. அவ்விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ரேடாரையும் விமானிகள் சார்ந்திருந்தனர், அவை தவறான பொருள்கோடலுக்கு இடமளித்தன என்பதே அது.

டொப்ளர் கருவி தரையை நோக்கி வானொலிக் கதிர்களை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு விமானத்தின் வேகத்தையும் பக்கவாட்டு நகர்வையும் அறியும். அவற்றைக் கூட்டிக் கூட்டியே தற்போதைய இடத்தைக் கணிக்கும். ஆகவே சிறு பிழையும் தூரத்தோடு சேர்ந்து வளரும். கடற்பரப்பு அமைதியாக இருந்தால் திரும்பிவரும் அலையும் நலிந்துவிடும். சுரபாயாவிலிருந்து கொழும்பு வரையான பாதையின் பெரும்பகுதி கடல்தான். கருவி பழுதடைந்திருந்தது என்று விசாரணை சொல்லவில்லை. அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே பிரச்சினை.

ஒரே ரக விமானங்கள் இரண்டு ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் ஒரு கருவி அடிக்கடி தடுமாறும், மற்றொன்றில் ஒரு சக்கரத்தின் தடுப்பு தளர்ந்திருக்கும். அன்றைக்குத் தமக்குக் கிடைத்த விமானத்தின் குணத்தை விமானி அறிந்துகொள்ளும் வழி தொழில்நுட்பப் பதிவேடு ஒன்றே. தரையிறங்கிய விமானி தாம் கண்ட குறையை அதில் எழுதுவார். பொறியியலாளர் தாம் செய்த திருத்தத்தை அதன் எதிரே எழுதிக் கையொப்பமிடுவார். உடனே திருத்த முடியாத, ஆனால் பறப்பதற்குத் தடையில்லாத குறையாயின் அது ஒத்திவைக்கப்பட்டதாகக் குறிக்கப்படும். அடுத்த விமானி அனைத்தையும் வாசித்து, ஏற்றுக்கொண்டு ஒப்பமிட்ட பின்னரே விமானம் நகரும். திருப்தியில்லையெனில் அவர் மறுக்கலாம்.

இவ்வழக்கம் கண்டிக்கும் புதியதன்று. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவிற்குக் கொண்டுவந்தபோது, அவரது ஆணைக்குட்பட்ட பிரித்தானிய விமானப்படையினர் "படிவம் 700" என்ற ஏட்டில் ஒப்பமிட்டே வானில் ஏறினர். போர்க்காலத்திலும் அந்த ஒப்பம் தவிர்க்கப்படவில்லை. பத்திரிகை அலுவலகங்களில் இரவுப் பணியாளர் காலையில் வருபவருக்கு எழுதிவைத்துச் செல்லும் குறிப்பும் ஏறக்குறைய இதே வகைதான்.

விமானத்தின் நிலையை மட்டும் அறிந்தாற் போதாது, தரையிலுள்ள கருவிகளின் நிலையும் விமானிக்குத் தெரியவேண்டும். 1978 நவம்பர் 15ஆம் திகதி இரவு, ஜெத்தாவிலிருந்து திரும்பிய இந்தோனேசிய யாத்திரிகர்களுடன் ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டீ.சி.-8 விமானம் கட்டுநாயக்கவிற்கு அருகே தென்னந்தோட்டத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 262 பேரில் 183 பேர் மாண்டனர். விமானிகள் இறங்குமுறை விதிகளைக் கடைப்பிடிக்கவில்லை என்றது இலங்கை விசாரணை. ஐஸ்லாந்துத் தரப்போ, தரையிலிருந்த இறங்குவழிக் கருவியின் சீரின்மையைச் சுட்டியது. இரண்டையும் வாசித்தவனாக, உண்மை இரு தரப்பிலும் ஓரளவு உண்டென்றே நினைக்கிறேன்.

பதிவேட்டில் எழுதாமல் விட்டதன் விலையை மிகத் தெளிவாகக் காட்டிய விபத்து, நாற்பது ஆண்டுகள் கழித்து அதே இந்தோனேசியாவில் நிகழ்ந்தது. 2018 அக்டோபர் 28ஆம் திகதி, பாலித் தீவின் டென்பசாரில் லயன் எயார் நிறுவனத்தின் போயிங் 737 மெக்ஸ் விமானமொன்றில், காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் உணரி மாற்றப்பட்டது. மாற்றிப் பொருத்தியது ஏறத்தாழ 21 பாகை பிழையாகக் காட்டியது. அன்றிரவு ஜகார்த்தாவிற்குப் பறந்த விமானிகளுக்கு, புறப்பட்டதிலிருந்தே கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தது. விமானம் தானாகவே மூக்கைத் தாழ்த்தியது. விமானியறையில் மேலதிகமாக அமர்ந்துவந்த மூன்றாவது விமானி உதவினார். வால்பகுதியின் தானியங்கி மின் இயக்கத்தைத் துண்டித்து, கையால் இயக்கி இறங்கினர்.

இறங்கிய பின் பதிவேட்டில் வேகமும் உயரமும் முரண்படுகின்றன என்றும், ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது என்றும் எழுதினர். தண்டு அதிர்ந்ததை எழுதவில்லை. மின் இயக்கத்தைத் துண்டித்ததையும் எழுதவில்லை. எழுதியதைக் கொண்டு பொறியியலாளர்கள் காற்றழுத்தம் அளக்கும் பகுதிகளைக் கழுவி, மின் இணைப்பொன்றைத் துடைத்து, சோதித்து ஒப்பமிட்டனர். கிடைத்த தகவலுக்கு அவர்கள் செய்தது முறையானதே என்பது என் எண்ணம். உணரியைச் சந்தேகிக்கச் செய்யும் குறிப்பு எதுவும் அவர்கள் கையில் இல்லை.

மறுநாள் காலை 6.20 மணிக்கு அதே விமானம் வேறு விமானிகளுடன் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டது. முந்திய இரவின் நிகழ்வுகள் அனைத்தும் மீண்டும் தொடங்கின. ஏறத்தாழ 12 நிமிடங்களில் ஜாவாக் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். மூக்கைத் தாழ்த்தும் அந்த மென்பொருளைப் பற்றிப் போயிங் நிறுவனம் விமானிகளின் கையேட்டில் விளக்கியிருக்கவில்லை என்பது பெரிய குற்றம். உலகம் அதைப் பற்றியே அதிகம் பேசியது. ஆனால் இந்தோனேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் குழு 2019 அக்டோபரில் வெளியிட்ட இறுதி அறிக்கை பதிவேட்டையும் விடவில்லை. அதிர்வு பற்றிய குறிப்பு இல்லாமற் போனதால், ஜகார்த்தாப் பொறியியலாளர்களுக்கும் மறுநாள் விமானிகளுக்கும் சரியானதைச் செய்வது கடினமாயிற்று என்றது அது. அவ்விமானத்தின் அக்டோபர் மாதப் பராமரிப்புப் பதிவேட்டில் 31 பக்கங்கள் காணப்படவில்லை என்பதும் அதே விசாரணையில் வெளிவந்தது.