ஆறு ரத்த மாதிரிகளும் மருத்துவ அறநெறிக் குழுவும்

மருத்துவமனையில் புதிய ஆய்வு ஒன்றைத் தொடங்கும் முன், "நோயாளியிடம் சொன்னீர்களா? அவர் சம்மதித்தாரா? முடிவு வந்த பிறகு அவர் நிலை என்ன?" என்று கேட்பதற்காக அமைக்கப்படுவதே அறநெறிக் குழு. இந்தக் கேள்விகள் ஏன் அவசியம் என்பதை வேலூரில் நடந்த ஒரு பரிசோதனை காட்டுகிறது.

விரிஞ்சிபுரம் முதல் ஆம்பூர் வரை, விவசாயிகளும் தோல் தொழிலாளர்களும் பெரிய வியாதி என்றால் நாடுவது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை. 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கியது அது.

1986 பிப்ரவரியில் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் சேகரித்த ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் இங்கே கொண்டு வந்தார். அவை பாலியல் தொழில் செய்த பெண்களின் ரத்தம். எதற்கான சோதனை என்று அவர்களிடம் சொல்லப்படவில்லை. ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை.

மருத்துவ உலகிற்கு இது பெரிய சாதனை. நாடு முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டது. ஆனால் தமிழ்நாட்டில் கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பின்னும் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டனர். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் வழக்குத் தொடுத்த பிறகே, 1990ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

நிறுவனங்களில் அறநெறிக் குழு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980லேயே கூறியிருந்தது. அது சட்டமாக இறுகப் பல ஆண்டுகள் பிடித்தன. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, மருந்து ஆய்வுகளுக்கான குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். பாதிப் பேராவது வெளியாட்களாக இருக்க வேண்டும். சட்டம் அறிந்தவர், ஒரு பெண், ஒரு சாதாரண மனிதர் ஆகியோரும் இடம்பெற வேண்டும். சம்மதமின்றி எச்.ஐ.வி. சோதனை செய்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

வீட்டுச் சிகிச்சையில் நிலைமை இன்னும் நுட்பமானது. அங்கே கட்டிலருகே எந்தக் குழுவும் உட்கார்ந்திருப்பதில்லை. செவிலியர் வாசலில் வந்து நின்றாலே "என்ன வியாதி?" என்று தெருவே விசாரிக்கும். குழு கேட்க வேண்டிய கேள்வியை அங்கே அந்தச் செவிலியரே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிருமியைக் கண்டுபிடிப்பது அறிவியலின் வேலை. அதன் பிறகு அந்த மனிதரைக் காப்பது அறநெறியின் வேலை. 1986ல் முதல் வேலை நன்றாகவே நடந்தது. இரண்டாவது நடக்க நான்கு ஆண்டுகளும் ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டன.