ஏதாவது ஆனா யார் பொறுப்பு?

2009 ஆகஸ்டில் நான் புனே கிளைக்கு மாற்றலாகி வந்த புதிது. பன்றிக்காய்ச்சலில் நாட்டின் முதல் மரணம் 3-ஆம் தேதி இங்கேதான் நடந்தது. பள்ளிக்கூடம், தியேட்டர் எல்லாம் மூடல். முகமூடிக்குத் தட்டுப்பாடு. நாயுடு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் கூட்டம். கும்பகோணத்திலிருந்து அம்மா தினமும் போன்: "லீவு போட்டுட்டு வந்துடுப்பா."

2010 ஜூலையில் இதே ஊர் சீரம் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து மூக்கில் விடும் தடுப்பு மருந்து வந்தது. ஊசிகூட இல்லை! ஆனாலும் எனக்குத் தெரிந்து எங்கள் கிளையில் யாரும் போட்டுக்கொள்ளவில்லை, நான் உள்பட. சாப்பாட்டு நேரத்தில் கேஷியர் ஹிந்தியில் கேட்டார்: "ஏதாவது ஆனா யார் சார் பொறுப்பு?" எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

இந்தக் கேள்வி பழையது என்று பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் ஒரு சிப்பாய் இதே மாதிரி பன்றிக்காய்ச்சலில் இறந்தார். 1918 திரும்பிவிடுமோ என்று பயம். நாட்டில் எல்லோருக்கும் ஊசி என்று மார்ச் 24 அன்று அதிபர் ஃபோர்டு அறிவித்தார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பின்வாங்கின. வங்கிக்காரனான எனக்கு இந்த இடம் நன்றாகப் புரிகிறது. மருந்து கெடுதல் என்பதல்ல அவர்கள் கவலை. இருபது கோடிப் பேருக்கு ஊசி போட்டால், தற்செயலாக அதே வாரம் படுத்தவர்களும் கோர்ட்டுக்குப் போவார்கள். அளவு தெரியாத ரிஸ்க்குக்கு எப்படி பிரீமியம் போடுவது? ஆகஸ்டில் சட்டம் போட்டு அரசாங்கமே பொறுப்பை ஏற்றது. ஜனங்கள் மனதிலோ, 'இன்ஷூரன்ஸ்காரனே ஒதுங்குகிறானே' என்ற சந்தேகம் விழுந்துவிட்டது.

அக்டோபர் 1-ல் ஊசி ஆரம்பம். பத்தே நாளில் பிட்ஸ்பர்க்கில் ஊசி போட்டுக்கொண்ட மூன்று முதியவர்கள் இறந்தார்கள். ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னாலும் பல மாநிலங்கள் நிறுத்திவைத்தன. ஃபோர்டே கேமரா முன் கையை நீட்டினார். அதன்பிறகு கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் தலைகாட்டியது. இது வெறும் தற்செயல் அல்ல. ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் அதிகப்படியாக வந்தது. டிசம்பர் 16-ல் திட்டமே நின்றது. அதற்குள் 4 கோடிக்கு மேல் போட்டாகிவிட்டது. பயந்த காய்ச்சலோ வரவே இல்லை!

அரசாங்கம் கேரண்டி கொடுத்தது. ஆனால் எது தற்செயல், எது நிஜ ஆபத்து, அது எவ்வளவு என்று முன்கூட்டியே விளக்கவில்லை. வெறும் கேரண்டி பத்திரத்தை யார் நம்புவார்கள்?

போன வருஷம், ஆஸ்துமாக்காரியான அம்மாவிடம் ஃப்ளூ ஊசி பற்றிச் சொன்னேன். "ஏதாவது ஆனா?" என்றாள். அதே கேள்வி! "பயப்படாதே" என்று நான் சொல்லவில்லை. போட்டால் என்ன ஆகலாம், போடாவிட்டால் என்ன ஆகலாம் என்று இரண்டு பக்கக் கணக்கையும் சொன்னேன். மீதியை டாக்டரிடம் அவளே கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் தானே புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள். 2010-ல் அந்த கேஷியருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லியிருக்கலாம். எனக்கே அப்போது தெரியாதே!