கணக்கில் ஏறாத கூட்டாளிகள்: சேலம் – நாமக்கல் சமவெளியில் மகரந்தச் சேர்க்கையாளர் பற்றிய தரவு

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டித் தெருக்களில் ஒரு நாளின் வரத்து எவ்வளவு, விலை என்ன என்பது அன்று மாலைக்குள் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிடும். புளி, எள், மல்லி, பயறு, வெல்லம் என்று எந்தச் சரக்கானாலும் மூட்டைக்கு மூட்டை எழுத்து உண்டு. சரக்கே வராத நாளும் எழுத்தில் தெரியும். வராதது ஏன் என்று வியாபாரி யோசிப்பார். இவற்றுள் மல்லியும் புளியும் பூச்சி வந்துபோகாமல் ஒழுங்காகக் காய்க்காதவை. எள் தன்மகரந்தச் சேர்க்கையிலேயே காய்க்கும் என்றாலும், தேனீ வந்தால் கூடுதலாகக் காய்க்கும். அந்தப் பூச்சிகள் எந்த ஆண்டு பெருகின, எந்த ஆண்டு அருகின என்று அறிய விரும்புகிறவருக்கோ எடுத்துப் புரட்டத் தொடர் பதிவு கிடையாது.

காட்டுயிர்ப் பாதுகாப்பு என்றதும் சரணாலயமும் வனத்துறை வேலியும்தான் மனத்தில் எழுகின்றன. சேர்வராயன், கொல்லிமலை அடிவாரங்களுக்கு இடையே விரியும் சமவெளியில் அந்த முறை உதவாது. பெரும்பகுதி பட்டா நிலம். எஞ்சியது ஏரி, ஓடைப் புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், கரடு. எந்தப் புதர் நிற்கும், எந்த மரம் விழும், எந்த வாரம் மருந்து தெளிக்கப்படும் என்பதை இங்கே முடிவு செய்வோர் உழவரும் உள்ளாட்சியும் நெடுஞ்சாலைத் துறையும்தான். அவர்கள் முன் வைக்கத் தரவு வேண்டும். அதைத் திரட்ட இப்பகுதியில் ஆய்வு நிலையங்களும் இருக்கின்றன, களப்பணியாளர்களும் இருக்கிறார்கள். பூச்சியைப் பயிரின் எதிரியாக மட்டுமே எண்ணப் பழகியிருக்கிறோம் என்பதே தடை. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

எதிரியை எண்ணுவதில் இப்பகுதி எவ்வளவு தேர்ந்தது என்பதற்குக் குச்சிக்கிழங்கே சாட்சி. மரவள்ளியை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அதை நம்பி ஜவ்வரிசி ஆலைகளும், 1981-இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் இயங்குகின்றன. 2008 ஜூலையில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தாவி மேற்கு மாவட்டங்கள் முழுவதும் பரவியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு வயல்களில் விடப்பட்டன, மாவுப்பூச்சி அடங்கியது. பத்தாண்டு கழித்து 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் வேறொரு பூச்சி, மரவள்ளி மாவுப்பூச்சி, தென்பட்டது. கொஞ்ச காலத்திலேயே சேலம், நாமக்கல், தர்மபுரி வயல்களில் நுனிக்குருத்துகள் சுருண்டு குட்டையாயின.

இந்தப் பூச்சிக்கு மாற்று எது என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை இதே பூச்சி நாசமாக்கியபோது, தென்னமெரிக்காவில் தேடிக் கண்டெடுத்த அனாகைரஸ் லோபெசி என்ற குளவியை 1981 முதல் அங்கே பரப்பினார்கள். அந்தப் பணிக்கு முன்னின்ற ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் அதே குளவியை பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. 2022 மார்ச் 7 அன்று சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. நாற்பது ஆண்டுக்கு முன் வேறொரு கண்டத்தில் எழுதி வைத்த பதிவு ஆத்தூர்ப் பக்கத்துக் குடியானவருக்குப் பயன்பட்டது. சூழலியல் தரவால் என்ன பயன் என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை கிடைப்பது அரிது.

அதே வயலின் வரப்பில் பூத்திருக்கும் தும்பையில் வந்து உட்காரும் தேனீக்கு இந்தக் கவனிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதற்குக் காரணம் ஓரளவு மரவள்ளியே. அது குச்சி நட்டு வளர்ப்பது. கிழங்குக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை. கலப்புப் பயிராகத் துவரையும் எள்ளும் நின்ற நிலத்தில் குச்சிக்கிழங்கு மட்டும் நிற்கும்போது, பூச்சி குறைந்ததை விளைச்சல் காட்டிக்கொடுக்காது. மண்டிக் கணக்கில் அந்த இழப்பு விழுவதே இல்லை.

மற்ற பயிர்களில் விழுகிறது. ஆனால் வேறு பெயரில். கத்தரியை எடுத்துக்கொள்வோம். தலைவாசல் காய்கறிச் சந்தைக்கு மூட்டை மூட்டையாக வரும் கத்தரியின் பூவில் மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும் பூச்சியே மகரந்தத்தை நன்றாக உதிர்க்க முடியும். தச்சுத்தேனீக்கும் நீலவரித் தேனீக்கும் அந்த வித்தை தெரியும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்குத் தெரியாது. தச்சுத்தேனீ முருங்கைக்கும் முக்கியமானது என்பதை விசாகப்பட்டினத்தில் நடந்த ஆய்வுகள் முன்பே காட்டியிருக்கின்றன. அது முட்டையிடக் காய்ந்த மரக்கிளையோ மூங்கிலோ வேண்டும். நீலவரித் தேனீக்கு வரப்பு மண்ணும் மண்சுவரும் போதும். ஆக, கத்தரித் தோட்டத்துக்குத் தேனீப் பெட்டி வாங்கி வைக்கச் சொல்வதைவிட, வேலியோரத்துப் பட்டமரத்தை விட்டுவைக்கச் சொல்வது பொருத்தமான அறிவுரை. எந்தப் பயிரில் எந்தப் பூச்சி என்ற தரவு இருந்தால்தான் இப்படிப் பிரித்துச் சொல்ல முடியும். இல்லாவிட்டால் மகரந்தச் சேர்க்கை என்றாலே தேனீப் பெட்டி மானியம் என்று முடிந்துவிடும்.

மாவும் இப்படித்தான். சேலத்து மாம்பழத்தின் பெயர் ஊரெல்லாம் தெரியும். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு ஈக்களுடையது என்பது தெரியாது. ஈயைப் பாதுகாக்க வேண்டும் என்று மேடையில் பேசினால் சிரிப்பார்கள். தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்து தெளிக்கும் காலமும் பூ விரியும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. தெளிப்பை எத்தனை நாள் முன்பின் நகர்த்தினால் ஈயும் தப்பும், பூவும் தப்பும் என்பது தோட்டத்தில் எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டிய விடை.

எண்ணினால் எது தெரியும், எண்ணாவிட்டால் எது மறையும் என்பதைத் தமிழகம் ஒருமுறை கண்டிருக்கிறது. 1991–92-இல் தென்னிந்தியாவில் தாய் சாக்புரூட் வைரஸ் நோய் பரவி, பெட்டிகளில் வளர்க்கப்பட்ட அடுக்குத்தேனீக் கூட்டங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. இந்த எண் நமக்குத் தெரிவதே பெட்டிகளுக்குக் கணக்கு இருந்ததால்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் உருவாக்கிய சிறு பெட்டியிலிருந்து வளர்ந்த தேனீ வளர்ப்பு, கூட்டம் இத்தனை, தேன் இத்தனை என்று எழுதும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது. அதே இனம் மரப்பொந்திலும் புற்றிலும் கரட்டுப் பாறை இடுக்கிலும் வாழ்கிறது. அங்கே எத்தனை மடிந்தன, எத்தனை ஆண்டில் மீண்டன என்பதற்கு எழுத்து இல்லை. மலைத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ ஆகியவற்றின் நிலையும் அதுவே.

இது சேலத்துக்கு மட்டுமான குறை அன்று. உலகின் 115 முக்கிய உணவுப் பயிர்களில் 87 ஏதோ ஓர் அளவில் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையால் பயன்பெறுகின்றன என்று 2007-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. 2016-இல் ஐ.நா. ஆதரவு பெற்ற பல்லுயிர் அறிவியல் மன்றம் வெளியிட்ட மகரந்தச் சேர்க்கையாளர் அறிக்கை, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகியவற்றின் காட்டுப் பூச்சிகள் பற்றிப் பொதுவான முடிவு கூறப் போதிய தரவு இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. கல்கத்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் இந்தியக் காய்கறிகளை ஆராய்ந்தபோது, பூச்சியைச் சார்ந்த பயிர்களின் விளைச்சல் வளர்ச்சி சாராதவற்றைவிடப் பின்தங்குவதைக் கண்டனர். அவர்கள் கையில் இருந்தது விளைச்சல் புள்ளிவிவரம். பூச்சியின் குறைவை அதிலிருந்து ஊகித்தார்கள். ஊகம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் விதை, நீர், உரம், விலை எல்லாம் விளைச்சலோடு பின்னிக் கிடக்கும்போது அது ஊகமாகவே நிற்கும்.

ஜெர்மனியின் கிரேஃபெல்டு நகரப் பூச்சி ஆர்வலர்கள் வேறு வழியில் போனார்கள். 1989 முதல் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரே வகை வலைக்கூடாரம் கட்டி, அதில் விழுந்த பூச்சிகளை எடைபோட்டு எழுதிவந்தனர். 2017-இல் அந்த எடைகளைத் தொகுத்துப் பார்த்தபோது 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 76 விழுக்காடு சரிந்திருந்தது. பெரும் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. ஒரே முறை, ஒரே கருவி, நீண்ட காலம் என்ற பிடிவாதம் இருந்தது.

சேலம் மலைகளிலும் பழைய பதிவு உண்டு. 1929–30-இல் ஆர்தர் வெர்னேயின் பொருளுதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்திய கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வில் குரும்பப்பட்டி, சேர்வராயன், சித்தேரி ஆகிய இடங்களில் பறவை மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. பறவையியலாளர்கள் விஸ்லரும் கின்னியரும் அவற்றை ஆராய்ந்து 1930-களில் பகுதி பகுதியாக வெளியிட்டனர். எந்தப் பறவை அன்று இருந்தது என்பதற்கு அது உறுதியான சான்று. எத்தனை மணி நேரம் தேடியதில் அது கிடைத்தது என்பது மாதிரியின் சீட்டில் இராது. அதனால் அன்று பட்டியலில் இல்லாத பறவை இல்லவே இல்லையா, கண்ணில் படவில்லையா என்று தீர்மானிக்க இயலாது. பாறைக் கரடுகளை விட்டு விலகாத மஞ்சள்தொண்டைச் சின்னான் இன்று அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அது கூடியதா குறைந்ததா என்பதை இத்தகைய பழைய சான்றை மட்டும் கொண்டு அளக்க முடியாது.

பறவை ஆர்வலர்கள் இப்போது இந்தப் பாடத்தைக் கற்றுவிட்டார்கள். இ-பேர்ட் என்ற இணையத் தளத்தில் இடப்படும் முழுப் பட்டியலில் நடந்த தொலைவும் நேரமும் இருக்கும். பட்டியலில் இல்லாத பறவை காணப்படவில்லை என்று பொருள்படும். தமிழகத்தில் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இந்த முறையில்தான். இப்படிச் சேர்ந்த சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 2023-இல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அவ்வளவு பதிவு இருந்தும் நீண்டகாலப் போக்கு சொல்ல முடிந்தது 338 இனங்களுக்கு மட்டுமே. அவற்றில் 60 விழுக்காடு சரிவில் இருந்தன. பறவைக்கே இப்படியென்றால், பெயர் சொல்லி அடையாளம் காண நிபுணர் வேண்டிய பூச்சிக்குத் தன்னார்வலர்களை மட்டும் நம்பியிருப்பது போதாது. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் கூடும் கண்கள் வியாழக்கிழமை மருந்து தெளித்த எள் காட்டில் இருப்பதில்லை.

மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்கிறதே என்று கேட்கலாம். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் அதை வைத்திருக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்து, தவறினால் மாநிலங்களுக்கு மாதம் 10 லட்சம் ரூபாய் தண்டம் என்றதும் நாடெங்கும் பதிவேடுகள் குவிந்தன. கெடுவுக்கு அஞ்சி எழுதியது ஒரு நாளின் பட்டியல். அதில் இலுப்பை மரம் உண்டு, பழந்தின்னி வௌவால் உண்டு. இலுப்பைப் பூவுக்கு வௌவால் மகரந்தம் சேர்ப்பதும், எந்த ஆண்டு எத்தனை வௌவால் வந்தன என்பதும் பெரும்பாலும் இராது. 2022 திருத்தம் தீங்குயிர் அட்டவணையையே நீக்கும்வரை, வனவுயிர்ச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிராக வைத்திருந்தது.

வாழிடத்தைப் பற்றிய முடிவுகளில் இந்த வெறுமை இன்னும் கூர்மையாகத் தெரியும். 277 கிலோமீட்டர் சேலம் – சென்னை எட்டு வழிச் சாலைக்கான நில எடுப்பை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நில எடுப்பு அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டியதில்லை என்றது. வழக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சூழலியலாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அனுமதிக்கு எந்தத் தரவை வைப்பார்கள்? தாக்க மதிப்பீடுகளில் பெரும்பாலானவை மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்துக் கள விவரத்தோடு நின்றுவிடுகின்றன. சேலத்துக் கரடு பங்குனியில் காய்ந்த கல்லாகத் தெரியும். ஐப்பசி மழைக்குப் பின்னர்தான் பூண்டும் கொடியும் பூத்துப் பூச்சி மொய்க்கும். கோடையில் போய்ப் பார்த்துவிட்டு ‘தரிசு’ என்று எழுதுவது பொய்யாகாமல் இருக்கலாம், ஆனால் அறிவியலும் ஆகாது.

செய்யக்கூடியது எளிது. பிரிட்டன் 2017 முதல் நடத்தும் மகரந்தச் சேர்க்கையாளர் கண்காணிப்பில் 50 செ.மீ. சதுரத்தில் உள்ள பூக்களைப் 10 நிமிடம் பார்த்து, வரும் பூச்சிகளைப் பெரும் பிரிவுகளாக எண்ணுகிறார்கள். இனப்பெயர் தேவையில்லை. இங்கே மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ, தச்சுத்தேனீ, நீலவரித் தேனீ, ஈ, பட்டாம்பூச்சி என்று எட்டுக் கட்டம் போதும். எதுவும் வராவிட்டால் சுழி போட வேண்டும், அதை விட்டுவிடக் கூடாது. நாள், நேரம், வெயில், பயிர், கடைசியாகத் தெளித்த மருந்து ஆகியவையும் வேண்டும். இடமும் முறையும் ஆண்டுதோறும் மாறக் கூடாது. பதிவு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் இருக்க வேண்டும்.

மாவுப்பூச்சியை எண்ண வேளாண் துறையினரும் ஆராய்ச்சி நிலையத்தாரும் ஏற்கெனவே வயலுக்குப் போகிறார்கள். ஏத்தாப்பூர் நிலையமும், சேலம் சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களும், பெரியார் பல்கலைக்கழக மாணவர்களும் தங்கள் களப் படிவத்தில் இந்த எட்டுக் கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளப் புதிய சட்டமோ தனிப் பணியிடமோ தேவையில்லை. மா பூக்கும் வரும் தை மாதத்திலேயே தொடங்கிவிடலாம்.