கேம்பிரிட்ஜில் ஒரு புது மாணவர்

எங்கள் தர்மபுரியிலிருந்து போய் இயற்பியலில் பிஎச்.டி. சேர்ந்திருக்கும் அண்ணன் ஒருவர் போன மாதம் ஊருக்கு வந்திருந்தார். "ஆறு மாசமா ஒண்ணும் புரியலடா, மத்தவங்க எல்லாம் என்னமோ பேசிக்கிறாங்க" என்று ஒரே புலம்பல். அப்போதுதான் சுப்பிரமணியன் சந்திரசேகர் நினைவுக்கு வந்தார்.

அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதை. 19 வயதில், 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் பில்ஸ்னா என்ற கப்பல் ஏறினார்; போகிற வழியிலேயே பின்னாளில் நோபல் பரிசு தந்த கணக்கைப் போட்டுவிட்டார். கதை உண்மைதான். எரிபொருள் தீர்ந்த வெண்குள்ள விண்மீனை எலக்ட்ரான்களின் அழுத்தம் தாங்கிப் பிடிக்கிறது என்று 1926ல் ஃபவுலர் சொல்லியிருந்தார். எடை கூடினால் அந்த எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுமே, அப்போது சார்பியலையும் சேர்க்க வேண்டாமா என்று யோசித்தார் சந்திரசேகர். சேர்த்தால் ஒரு எல்லைக்கு மேல் அழுத்தம் போதவில்லை. இன்றைய கணக்கில் அந்த எல்லை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு.

சரி, கப்பலிலிருந்து இறங்கிய பிறகு? அதை யாரும் சொல்வதில்லை. அந்த ஃபவுலரே ஆய்வு வழிகாட்டி. ஆனால் இந்த எல்லையைப் பார்த்து அங்கே யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. கட்டுரை 1931ல் அமெரிக்காவில்தான் அச்சானது. சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே ராயல் சொசைட்டி இதழில் எழுதியவர் அவர். கேம்பிரிட்ஜிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் ரூதர்ஃபோர்டு, எடிங்டன், டிராக். தான் ஒன்றுமே இல்லை என்று தோன்றிவிட்டதாம்.

அம்மா சீதாலட்சுமி நோயில் கிடக்கும்போதுதான் கிளம்பினார். போய் வா என்று உறுதியாகச் சொன்னவரும் அம்மாதான். (இப்சனின் நாடகத்தைத் தமிழாக்கிய பெண்மணி அவர் என்பது எனக்குப் புதுச் செய்தி.) 1931 மே மாதம் அவர் இறந்துபோனார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில்.

விண்மீன்களை விட்டுவிட்டு 'உண்மையான' இயற்பியலுக்கே போய்விடலாம் என்று 1932ல் கோபன்ஹேகனுக்குப் போனார். டிராக் கொடுத்த ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிட்டதாக நினைத்தார். அங்கிருந்தவர்களும் பாராட்டினார்கள். கட்டுரையும் ராயல் சொசைட்டிக்குப் போனது. பிறகு டிராக்கே அதில் ஒரு பிழையைக் காட்ட, திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எனக்கு இந்த இடம்தான் கப்பல் கதையைவிடப் பிடித்திருக்கிறது. மூன்று வருட உதவித்தொகை முடியப் போகிறது, கையில் தவறான கணக்கு! மறுபடி விண்மீன்களிடமே வந்தார். சுழலும் வாயுக்கோளங்கள் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து 1933ல் டாக்டர் பட்டம் வாங்கினார். வெண்குள்ளன் அதில் இல்லை :-)

அதே அக்டோபரில் ட்ரினிடி கல்லூரியின் ஃபெல்லோ தேர்வு. கிடைக்காது என்ற நிச்சயத்தில் ஆக்ஸ்ஃபோர்டு போக மூட்டை கட்டிவிட்டார். டாக்ஸியில் போகிற வழியில், எதற்கும் பார்த்துவிடுவோம் என்று கல்லூரி வாசலில் நிறுத்தச் சொன்னார். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. இந்தியர்களில் அவருக்கு முன்னால் அந்த இடம் 1918ல் ராமானுஜனுக்கு மட்டும்தான் கிடைத்திருந்தது.

அண்ணனுக்கு இதைச் சொன்னேன். "அந்தப் பிழை எந்த வரியிலடா?" என்று கேட்டார்.